மீசை வைத்த தெருவிளக்குகள்

ஜூன் 4

தும்பியின் அப்பாவுக்கு,

நானும் தும்பியும் நலம். நீங்களும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

போன் பண்ணியிருக்கலாமே என்று தோன்றும். நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் யாராவது ஒருவர் குரலை உயர்த்திவிடுகிறோம். காகிதம் என்றால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். இதுவே மூன்றாவது தாள்.

விஷயம் தும்பியைப் பற்றியது. அவளுடைய வகுப்பு ஆசிரியை போன வாரம் என்னைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார். "வாயத் திறந்தா கதை கதையா சொல்றா. புத்தகத்தைக் கையில குடுத்தா வாயப் பூட்டிக்கறா. ஆகஸ்ட்ல ஒவ்வொருத்தரையும் தனியா வாசிக்கவெச்சுப் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா ஒண்ணாம் வகுப்புக்குத் திருப்பி அனுப்புறதுதான் அவளுக்கு நல்லது." ஏழு வயதுப் பெண் ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவே போய் உட்காரவேண்டும். அதைக் கேட்டபோது என் முழங்கால் என் தாடையைத் தொடுவதுபோல இருந்தது. அந்த நாற்காலி அவ்வளவு குட்டை.

கண்ணில் கோளாறோ என்று நினைக்காதீர்கள். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளுக்கு அதுதானே முதலில் தோன்றும்? நானே கடையில் நிற்கவைத்துப் பார்த்தேன். சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் தடுக்காமல் சொன்னாள். அங்கே கடுகளவு எழுத்து தெரிகிறவளுக்கு மடியில் இருக்கும் புத்தகம் தெரியாதா? எல்லாம் பிடிவாதம்தான். யாருடைய பிடிவாதம் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒரு டேப்லெட் வாங்கியிருக்கிறேன். அதில் குழந்தைகளுக்கான வாசிப்பு ஆப் ஒன்று. குரல் வாசிக்க வாசிக்க அந்தந்தச் சொல் மஞ்சளாக ஒளிரும். பிள்ளை விரலை வைத்துக்கொண்டே கூட வரவேண்டும். ஆனால் அதில் பேசும் பெண்ணைத் தும்பிக்குப் பிடிக்கவில்லை. "இந்த அக்கா தூக்கத்துல பேசுதும்மா" என்கிறாள். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் குரலையே பதிவு செய்து அனுப்பலாமாம். என் குரல் வேண்டாமாம். காரணம் உங்களுக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். அதில் எட்டுக் கதைகள் இருக்கின்றன. வாசித்து அனுப்ப முடியுமா? எனக்காகக் கேட்கவில்லை.

நேற்று மாலை கடையிலிருந்து திரும்பும்போது, "அம்மா, தெருவிளக்குக்கெல்லாம் ஏன் இவ்ளோ நீள மீசை?" என்று கேட்டாள். உங்களிடமும் அடிக்கடி கேட்பாளே, அதே கேள்வி. பதில் எனக்கு வரவில்லை. அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தும்பியின் அம்மா

*

ஜூன் 11

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. 'நீங்கள்', 'உங்கள்' என்று வரிக்கு வரி மரியாதை. வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்தேன். கல்லூரி நாளிலிருந்து 'டேய்' என்று கூப்பிட்ட வாய் உன்னுடையது.

எட்டுக் கதையும் வாசித்து அனுப்பிவிட்டேன். எங்கே உட்கார்ந்து வாசித்தேன் தெரியுமா? இங்கே நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு கட்டடம், இருபத்திரண்டு மாடி. உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மேகம் கை எட்டும் தூரத்தில் நிற்கும். கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் மேலே 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் கம்பிக் கயிறு தண்ணீர் ஓடுவதுபோல மெதுவாக ஓடும். தும்பிக்குப் பிடிக்கும் என்று அந்தச் சத்தத்தையும் உள்ளே விட்டுவிட்டேன். முயல் கதை எடுக்கும்போது காவலாளி வந்து கூப்பிட்டார். அதுவும் பதிவாகியிருக்கும். வெட்டத் தெரியவில்லை.

விளக்கு மீசை விஷயம்: பகல் முழுக்க வேலையில்லாமல் சும்மா நிற்கின்றன, மீசையாவது வளர்க்கட்டும் என்று சொல்லிவிடு. என்ன கற்பனை பார் அவளுக்கு. அவளைப் போய் ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்புகிறார்களாம்.

ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிக்கொடுக்கிறவன் குடும்பம் லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறது. மளிகை மூட்டையை யார் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள்?

வாசிப்புச் சோதனைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரட்டுமா?

லிஃப்ட்காரன்

*

ஜூன் 25

தும்பியின் அப்பாவுக்கு,

தும்பி வாசிக்கிறாள்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே வாசிக்கிறாள். நாலு நாள் உங்கள் குரலோடு கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் குரலை நிறுத்திவிட்டுத் தானே ஆரம்பித்துவிட்டாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு கதவுக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டேன். உள்ளே போனால் கலைந்துவிடும் என்று பயம். போர்வைக்குள் டேப்லெட் வெளிச்சம். போர்வையே ஒரு விளக்குபோல மஞ்சளாக மிதந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. தடுக்கவே இல்லை. பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தாள்.

முயலின் கதவை யாரோ தட்டும் இடம் வருகிறதே, "இதோ வரேன் சார், ரெண்டே நிமிஷம்" என்று முயல் சொல்லும்போது குரலைக் கட்டையாக மாற்றிக்கொண்டு வாசித்தாள். நல்ல மரியாதை தெரிந்த முயல். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கடை முழுக்கச் சொல்லிவிட்டேன். கண் டெஸ்ட் எடுக்கும் அக்கா, "இனிமே இவளுக்கு எழுத்து அட்டைய மறைச்சுத்தான் வைக்கணும், கஸ்டமருக்கு முந்தி இவளே வாசிச்சுடுவா" என்று கேலி பண்ணினாள். பள்ளிவிட்டு வந்தால் கடை மூடும்வரை அந்த பெஞ்சில்தானே தும்பி உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதிவுகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அவள் அதைப் போடும்போது நான் எழுந்து மாடிப்படிக்குப் போய் நின்றுகொள்கிறேன். அந்தக் குரல் இந்த வீட்டுக்குள் கேட்டால் எனக்கு அடுத்த நாள் வேலை ஓடாது. குற்றமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கிறது.

நேற்று ஒரு கனவு. நம் மாடிப்படி இருக்கும் இடத்தில் லிஃப்ட் வந்திருக்கிறது. கதவு திறக்கிறது, உள்ளே யாரும் இல்லை, எழுத்துகள் மட்டும் மழைப்பூச்சிபோலக் கூட்டமாகப் பறந்து வந்து என் சேலையில் உட்காருகின்றன. தட்டிவிட மனமில்லாமல் அப்படியே நிற்கிறேன்.

தும்பி வாசித்ததை அவளே பதிவு செய்து இன்று உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தும்பியின் அம்மா

*

ஜூலை 2

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

தும்பி அனுப்பியதைக் கேட்டேன். உச்சி அறையில் உட்கார்ந்து நாலு தடவை கேட்டேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். நீ அந்த ஈரக்கையோடு நின்றதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முயல் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கதையில் முயல் வாயே திறக்காது. "இதோ வரேன் சார், ரெண்டே நிமிஷம்" என்றது நான். காவலாளிக்குச் சொன்னது. நீ ஒரு தடவை கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அது மட்டும் இல்லை. நான் இருமிய இடத்தில் அவளும் ஒரு இருமல் இருமுகிறாள். 'டக்' என்று மோட்டார் சொன்ன இடத்தில் நாக்கால் 'டக்' சொல்கிறாள். எட்டுக் கதையையும் காதால் வாங்கி அப்படியே வைத்திருக்கிறாள். ஏமாற்றுகிறாள் என்று நினைக்காதே. வாசிப்பது என்றால் இதுதான் என்று நினைத்திருக்கிறாள் பாவம். தயவுசெய்து அவளைத் திட்டாதே.

இன்னொன்று. அது நேற்று, கயிற்றுக்கு எண்ணெய் போடும்போது தோன்றியது. கடை மூடும் நேரத்தில் உங்கள் இருவரையும் கூட்டிப்போக நான் வருவேன் இல்லையா? அந்த பெஞ்சில் தினமும் ஒரு அரைமணி. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன் பார்: ட. ப, ம. ய, வ, ர. ப, ட, ய, ம. அதற்கும் கீழே உள்ளதும் வருகிறது. நான் அந்த அட்டையை ஒருநாளும் உற்றுப் பார்த்தது கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் உரக்கச் சொல்லிச் சொல்லி என் காதில் ஏறியது.

அரைமணி உட்கார்ந்த எனக்கே இப்படி. மூன்று வயதிலிருந்து அங்கேயே வளர்ந்தவள் அன்றைக்கு அதைப் பார்த்துச் சொன்னாளா, பார்க்காமல் சொன்னாளா?

தெரியவில்லை. நீதான் இதில் படித்தவள். ஒருமுறை வேறு மாதிரி பார்த்துவிடு.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று திரும்பக் கேட்கிறேன். வரட்டுமா?

லிஃப்ட்காரன்

*

ஜூலை 10

தும்பியின் அப்பாவுக்கு,

கடிதம் வந்த மறுநாளே, கடை திறக்கும் முன்னால் தும்பியைக் கூட்டிப்போனேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அட்டையைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"வாசிம்மா" என்றாள்.

தும்பி போய்க் கோட்டில் நின்றாள். கஸ்டமர்கள் செய்வதுபோலவே உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். ட என்றாள். ப, ம என்றாள். எழுத்தே இல்லாத அந்த வெள்ளையைப் பார்த்துக் கடைசி வரி வரை அழகாகச் சொல்லி முடித்துவிட்டு, "சரியா அக்கா?" என்று திரும்பினாள்.

அக்கா சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் படங்கள் உள்ள அட்டையை எடுத்தாள். இரண்டாவது வரியிலேயே தும்பி நின்றுவிட்டாள். இரண்டு கண்ணிலும் சிலிண்டர் பவர், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தப் பவர் இருந்தால் கோடெல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இரட்டையாகத் தெரியும். வெளிச்சம் இருந்தால் அதிலிருந்து நீள நீளமாக ஏதோ கிளம்பும். மீசை. இத்தனை வருஷம் அவள் பார்த்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாம் கற்பனை என்று ரசித்துக்கொண்டிருந்தோம்.

ஆறு வருஷமாக யார் யாருக்கோ லென்ஸ் தேய்த்துப் பொருத்திக் கொடுக்கிறேன். இதை நானே தேய்த்தேன். முதல் லென்ஸ் ஓரத்தில் விண்டுபோயிற்று. இரண்டாவது சரியாக வந்தது. நீல பிரேம், அவளே எடுத்தது. போட்டுவிட்டதும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "அம்மா, உன் மூக்கு மேல குட்டியா ஒரு புள்ளி இருக்கு" என்றாள். அப்புறம் மேஜையில் கிடந்த விலைச்சீட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் ஒண்ணு ஒண்ணுதானா? நான் ரெண்டு ரெண்டுன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் உள்ளே போய் லென்ஸ் துடைக்கும் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதுவரை நாம் பேசவில்லை. ஒரே பக்கத்தை ஒரு மணிநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று ஸ்கேலால் அவள் விரல்களில் அடித்தேன். நீங்கள் பிடுங்கி உடைத்துப்போட்டுவிட்டு, "உன்ன மாதிரி ஒருத்திகிட்ட குழந்தைய விட்டுட்டு எப்படி நிம்மதியா தூங்குறது?" என்றீர்கள். அப்படிச் சொன்னவர் ஒரே வாரத்தில் வேலையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு, அதே குழந்தையை அதே ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். எனக்கு அடங்காத கோபம் அதில்தான். அந்தச் சொல்லில் கூட இல்லை. ஆனால் இப்போது அந்தச் சொல் உண்மைதானோ என்று இருக்கிறது. தெரியாத எழுத்துக்காக அவளை அடித்தேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எழுத்தே தென்படவில்லை.

ஆசிரியை சொல்கிறார், கண்ணாடி போட்டதும் வாசிப்பு வந்துவிடாதாம். இனிமேல்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். கொஞ்ச நாளுக்குக் குரலை நிறுத்திவையுங்கள், காதுக்கே போய்விடுகிறாள் என்கிறார். அதனால் பதிவுகள் இப்போது வேண்டாம். எழுதி அனுப்புங்கள். பெரிய எழுத்தில், ஒரு தாளில் இரண்டே வரி. அவளுக்குத் தெரியாத வரியாக இருக்கவேண்டும்.

தும்பியின் அம்மா

*

ஜூலை 17

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தை மேலே ஜன்னலோரம் வைத்துப் படித்தேன். வெளியே முழுக்க மேகம், ஒன்றுமே தெரியவில்லை. தும்பிக்கு இத்தனை நாள் உலகம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரல் வேண்டாம் என்று நீ எழுதியதும் கொஞ்சம் வலித்தது, மறைக்கமாட்டேன். அந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். சரி, அவள் வாசிக்கட்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

இதோடு இருபது அட்டை வைத்திருக்கிறேன். லிஃப்ட் உள்ளே ஒட்டும் ஸ்டிக்கர்களின் பின்பக்கம். தினம் ஒன்று கொடு. 'இன்று ஒரு பூனை தனியாக ஒன்பதாம் மாடிக்குப் போனது' என்று ஒன்று. 'அதற்கு எந்த வீட்டில் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை' என்று அடுத்தது. எல்லாம் நடந்தவை. முன்கூட்டி நீ வாசித்துக் காட்டாதே.

ஜனவரி ஞாயிறு. நீ அடித்ததைத்தான் நான் பார்த்தேன். ஒரு மணிநேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு மல்லுக்கட்டியதும் நீதான், அது என் கண்ணில் படவில்லை. நான் அப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிவிட்டு, சொன்ன வாயோடு உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஓடி வந்தேன். கோபத்தில் போனான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெட்கத்தில் போனேன். அந்தச் சொல் பொய். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

தும்பிக்கு எழுதி எழுதிக் கை பெரிய எழுத்துக்கே பழகிவிட்டது. இதோ, உனக்கு எழுதுவதும் கீழே போகப் போகப் பெரிதாகிறது, மன்னித்துக்கொள். இதுதான் மூன்றாம் தடவை. இதற்குமேல் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன்.

நான் வரட்டுமா?

லிஃப்ட்காரன்

*

ஆகஸ்ட் 14

என் லிஃப்ட்காரனுக்கு,

நாலு வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், அவ்வளவுதான்.

முதலில் தும்பி. உன் பூனை அவளை ஆட்டிப்படைத்துவிட்டது. முதல் அட்டைக்கு அரைமணி ஆனது. ஒவ்வொரு எழுத்தாக விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடிவிடுமோ என்பதுபோல. பூனை எந்த வீட்டுக்குப் போனது என்று தெரிந்தாகவேண்டும் அவளுக்கு. நாளைய அட்டையை இன்றே கேட்டு அழுகை. நான் தரவில்லை. ஏழாவது அட்டையில் பூனை திரும்ப லிஃப்டில் இறங்கி வந்ததைப் படித்துவிட்டு எழுந்து ஆடினாள். இப்போதும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். ஒரு வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறாள். ஆனால் அவள் வாசிக்கும்போது இருமல் இல்லை, 'டக்' இல்லை. அது அவள் குரல் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் வாசிக்கவைத்தார்கள். அவள் பார்த்தே இராத புத்தகம். நாலு வரி, இரண்டு இடத்தில் தப்பு. ஆசிரியை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். முடிந்ததும், "இவ இங்கேயே இருக்கட்டும்" என்றார். அதே குட்டை நாற்காலிதான். என் முழங்கால் இந்தத் தடவை எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

தெருவிளக்குகளில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "எல்லாரும் மீசைய எடுத்துட்டாங்க" என்று வருத்தப்பட்டாள். அப்புறம் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். கடையிலிருந்து வரும்போது திருப்பத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுக்கிறாள். விளக்கு ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து முடித்து, "ம், இருக்கு" என்று திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். நான் அந்த நீலக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் காத்திருக்கிறேன். நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

போன வாரம் அவள் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டுக் கதையும் கேட்டேன். ஒரே மூச்சில். கயிறு ஓடும் சத்தம் நீ எழுதியதுபோலவே தண்ணீர்தான். "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நீ எழுந்து போகிறாய். போன பிறகும் பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறது. முக்காலி, ஜன்னல், காற்று. ஆள் இல்லாத அறை. அப்புறம் கதவு திறந்து நீ வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறாய். அந்த இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

இன்று மாலை கடையில் கண்ணாடி உறைகளை அடுக்கும் மேஜை இழுப்பறையில் தும்பி எதையோ தேடினாள். இப்போதெல்லாம் அவளிடமிருந்து எழுத்தென்று ஒன்றும் தப்பாது, சோப்பு உறைகூட. உன் போன கடிதம் அங்கேதான் இருந்தது. உன் சின்ன எழுத்தை அவளால் படிக்க முடியவில்லை. கடைசி வரிக்கு வந்தாள். விரலை வைத்தாள். "நா... ன். நான். வ... ர... ட்... டு... மா. வரட்டுமா." என்னை நிமிர்ந்து பார்த்தாள். காதால் வாங்கியது இல்லை அது. யாரும் அவளுக்கு அதைச் சொன்னதில்லை.

"அம்மா, அப்பா கேட்டிருக்காங்க. நீ என்ன பதில் எழுதின?"

"இன்னும் எழுதலடா."

"ஏன்? எழுதத் தெரியலையா?"

ஆமாம் என்றேன்.

"ஒரே எழுத்துதாம்மா. நான் சொல்லித் தரேன்."

பென்சிலை என் கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஜனவரியில் நான் அடித்த அதே விரல்கள். அவசரப்படுத்தவே இல்லை. கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது.

வா

கண்ணாடிக்காரி